நாற்பத்தெட்டு இல்லைகள்

ஜனவரி 16, செவ்வாய்

பொங்கல் லீவு முடிந்து வந்த முதல் வேலை: நிறுவை மேசைக் கணினியின் விசைப்பலகையைக் கழற்றிக் கவிழ்த்தது. உள்ளே நண்டு ஓட்டுத் தூள், உலர்ந்த சோற்றுப் பருக்கை மூன்று, யாருடையதோ காதுத் தோட்டின் திருகுசுரை. நண்டு நிறுக்கிற இந்த மேசைக்குப் பொறுப்பான நசீறா அக்கா சுரை தன்னுடையது இல்லை என்று கேட்காமலே சொன்னார். உள்ளே நகை போட்டு வரக்கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான். சுரையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டோம்.

இந்த நண்டுக் கம்பனிக்கு வந்து இன்றோடு பதினொரு மாதம். ஒன்பது கணினி, நிறுவைத் துண்டு அடிக்கும் பிறிண்டர் இரண்டு, ஒரு நான். அவ்வளவுதான் கணினிப் பகுதி.

பின்னேரம் ஒரு மின்னஞ்சல். எங்கள் நண்டு இறைச்சியை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் கொழும்பில் ஒரு பரிசோதகரை அமர்த்தியிருக்கிறார்கள். இயங்குதளத்தின் ஐம்பத்தேழு அப்டேற்றுகளின் இலக்கங்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எங்கள் கணினிகளில் இருக்கிறதா என்று பெப்ரவரி 29க்குள் நிரப்பி அனுப்பவேண்டுமாம். உண்டு, இல்லை, காரணம் என்று மூன்று கட்டங்கள். எனக்குப் பட்டியல் என்றால் பிடிக்கும். இதைப் பார்த்ததும் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஜனவரி 17, புதன்

சந்தோஷம் ஒரு நாள் தாங்கியது.

ஒன்பது கணினியிலும் பார்த்தேன். கேட்ட ஐம்பத்தேழில் இருப்பது ஒன்பது. மிச்சம் நாற்பத்தெட்டுக்கும் "இல்லை" என்று போட வேண்டும். நான் வந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் அப்டேற் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். பிறகு எங்கே போயின?

மனேஜர் முனவ்வர் சேரிடம் சொன்னேன். அவர் கதிரையைத் தள்ளி எழும்பி, கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

"மதுஷிகா, ஒளிக்காமல் சொல்லுறன். கொழும்பில ஒரு கம்பனி எங்கட எல்லா இடத்துக்கும் சேர்த்துக் கொம்பியூட்டர் வேலையைத் தாங்கோ எண்டு கேட்டு எழுதியிருக்கு. பெரியாக்கள் இன்னும் மறுமொழி குடுக்கேல்லை. இந்தப் பரிசோதனையில நாங்கள் விழுந்தால் குடுத்துடுவினம்."

"அப்ப என்ர வேலை?"

"அந்தக் கம்பனிக்கு ஆள் வேணும்தானே. கொழும்பில."

கொழும்பில். கலியாணம் கட்டி மூன்று வருடம் நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையில், கணவர் ஜெனோஜன் இங்கே மன்னாரில், தாழ்வுபாட்டில். மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை இரவு பஸ். ஞாயிறு பின்னேரமானால் இரண்டு பேருக்கும் காரணமில்லாமல் சண்டை வரும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்குத் திரும்பிப் போக என்னால் ஏலாது.

"சேர், ஒருத்தரிட்டயும் குடுக்க வேண்டாம். நான் செய்து தாறன்."

எப்படி என்று அவர் கேட்கவில்லை. கேட்காதது நல்லது.

ஜனவரி 19, வெள்ளி

கண்டுபிடித்தாயிற்று. அதை எழுதாமல் சாப்பிடப் போவதில்லை.

ஜும்மாத் தொழுகைக்கு எல்லோரும் போன பிறகு கந்தோர் அறை அமைதியாக இருந்தது. காணாமல் போன நாற்பத்தெட்டில் ஒன்றை எடுத்து இயங்குதளக்காரர்களின் தளத்தில் தேடினேன். அதன் பக்கத்தில், கீழே, ஒருவரும் பார்க்காத மூலையில் ஒரு சின்னப் பெட்டி: "இதை மாற்றியவை." அதற்குள் வேறொரு இலக்கம். அந்த இலக்கத்தின் பக்கத்துக்குப் போனால் அதையும் மாற்றியது இன்னொன்று. அதையும் இன்னொன்று. ஏழாவது படியில் டிசம்பர் மாத அப்டேற். அது எங்கள் ஒன்பது கணினியிலும் இருக்கிறது.

அதாவது காணாமல் போகவில்லை. புதியது பழையதை முழுதாகத் தனக்குள் எடுத்துக்கொண்டு, பழையதன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இல்லை என்றாலும் உண்டு. ஆனால் பரிசோதகருக்கு அதைச் சும்மா வாயால் சொல்ல முடியாது. நாற்பத்தெட்டு இலக்கத்துக்கும், எது எதை மாற்றி, அது எதை மாற்றி, கடைசியில் எங்கள் கணினியில் இருக்கும் எதில் வந்து முடிகிறது என்று காட்ட வேண்டும்.

நாற்பத்தெட்டு வழி. எங்கள் இன்ரநெற்றில் ஒரு பக்கம் திறக்க நாலு நிமிடம்.

பரவாயில்லை. வழி தெரியாமல் இருந்ததற்கு இது சொர்க்கம்.

ஜனவரி 22, திங்கள்

எழுதக் கடதாசி போதவில்லை. ஒரு வழி ஏழு, எட்டுப் படி போகிறது. பக்கத்துக்குப் பக்கம் திருப்பினால் தலை சுற்றுகிறது. களஞ்சியத்தில் நண்டை ஐஸ் போட்டு அடைக்கும் றிஜிபோம் பெட்டிகளின் மூலை உடைந்த மூடிகள் கிடந்தன. வெள்ளை நுரைப் பலகை, பெரிது, மார்க்கரில் நன்றாக எழுத வரும். ஒரு மூடிக்கு மூன்று வழி. எழுதியதைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன்.

மத்தியானம் நசீறா அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"என்ன பிள்ளை இது, சாமிப் படம் மாதிரி அடுக்கி வச்சிருக்கிறாய்?"

சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. கதவுக்கு வெளியே இருக்கும் அறிவித்தல் பலகையைக் காட்டினேன். வேலை முறைப் பட்டியலை மாதாமாதம் பழையதற்கு மேலேயே ஒட்டுகிறார்கள். மேலே இருப்பதைப் பார்த்தால் போதும், கீழே இருப்பதைக் கிழிக்கத் தேவையில்லை. ஆனால் கை கழுவும் விதித் தாள் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. முறைப் பட்டியல் எத்தனை புதிது வந்தாலும் அதை மூடாது.

"அப்ப நீ ஒவ்வொண்டாப் பார்க்கிறது, மேல ஒட்டினதோ பக்கத்தில ஒட்டினதோ எண்டு."

"ஓம் அக்கா. அவ்வளவுதான்."

"இதுக்கே கம்பஸில படிச்சனீ?"

சிரித்து எனக்குப் புரைக்கேறியது. அவர் தண்ணீர் எடுத்துத் தந்தார்.

ஜனவரி 25, வியாழன். போயா, முழுநிலா நாள்

லீவு. ஜெனோஜன் வலையில் இருந்து நண்டு கழற்ற, நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுமே கழற்றாமல் இருந்தேன். நல்ல நாள்.

ஜனவரி 29, திங்கள்

இருபத்தாறு வழி முடிந்தது. ஆனால் இன்றைக்கு ஒரு குழப்பம்.

ஆறாம் இலக்கக் கணினியில் மட்டும் டிசம்பர் அப்டேற் இல்லை. முன்பு பார்த்தபோது இருந்தது. இன்று "மாற்றங்கள் மீளப்பெறப்படுகின்றன" என்று திரையில் வந்து, பழைய நிலைக்குப் போய்விட்டது. ஜனவரி அப்டேற்றைப் போட்டேன். எடுத்துக்கொண்டது. நாளை காலையில் பார்க்க வேண்டும்.

ஜனவரி 30, செவ்வாய்

காலையில் பார்த்தேன். போய்விட்டது.

யார் என்று பின்னேரம் தெரிந்தது. ஐந்து மணிக்கு நான் எல்லாக் கணினியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வாசல் படலைக்கு வந்தேன். அப்டேற் போட்ட நாளில் கணினி உடனே அணையாது. பழசான ஆறாம் இலக்கம் அரை மணித்தியாலம் உள்ளுக்குள் வேலை செய்துவிட்டுத்தான் அணையும்; மற்ற எட்டும் முந்தி முடித்துவிடும். காவலுக்கு இருக்கும் பெனடிக்ற் அண்ணை, நான் செருப்பு மாட்டுவதற்கிடையில் போய்க் கந்தோர்ப் பக்கத்து மெயின் சுவிச்சைக் கீழே இறக்கினார். ஒவ்வொரு நாளும் இறக்குகிறவர்தான். நான்தான் பதினொரு மாதமாக அதைப் பார்த்தும் யோசிக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வந்தால் வாய் நிற்காது.

"அண்ணை, நீங்கள் என்ர ஒரு கிழமை வேலையை ஒரு கையால இறக்கிப்போட்டியள்."

அவர் கத்தவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மெயின் பலகைக்குப் பின் சுவரைக் காட்டினார். சுவரில் கருகிய கறை, என் உயரத்துக்கு.

"போன முறை இந்த மெயின் பலகை எரியேக்க உள்ள நானும் நாலு பொம்பிளையளும் நிண்டனாங்கள். கடல் காத்து, உப்பு. ஏதாவது ஒண்டு உருகி ஒட்டும். அதுக்குத்தான் பிள்ளை, கடைசி ஆள் போனவுடன இறக்கிறது. உம்மட வேலையைக் கெடுக்க இல்லை."

எனக்கு அந்தக் கறை இருப்பதே தெரியாது.

கடைசியில் இப்படி முடிவாயிற்று: அப்டேற் போடும் நாளில் நான் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கந்தோருக்குள் கதிரை போட்டு உட்காருவார். ஒன்பது திரையும் கறுத்த பிறகுதான் சுவிச்சில் கை வைப்பார். மன்னிப்புக் கேட்டேன். "பிள்ளையள் படுத்தாப்பிறகு விளக்கை நூர்ப்பம்" என்றார்.

பெப்ரவரி 3, சனி

ஆறாம் இலக்கம் அப்டேற்றை வைத்துக்கொண்டிருக்கிறது. நாலு நாள் சரி.

பெப்ரவரி 7, புதன்

முப்பத்து நாலு வழி முடிந்தது. பதினான்கு மிச்சம். நேற்றுக் காலையிலிருந்து இன்ரநெற் இல்லை. வீதியில் குழாய் புதைப்பவர்கள் கேபிளை வெட்டிவிட்டார்களாம். என் போனிலும் சிக்னல் கோடு இல்லை; படலைக்கு வெளியே போய்ப் பனைக்குக் கீழே நின்றால் ஒரு கோடு, அதில் அந்தத் தளம் திறக்காது.

முனவ்வர் சேர் வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவோம் என்று பெரியவர்களிடம் சொல்லியிருக்கிறார். யார் சொல்லச் சொன்னது? கடைசி நாள் 29. அவருக்கு முந்திக்கொள்ளும் ஆசை.

சரி, எனக்கும் அந்த ஆசை இருக்கிறது.

பெப்ரவரி 8, வியாழன்

இன்றும் இன்ரநெற் இல்லை. ஆனால் முடித்துவிட்டேன்.

நிறுவை மேசையில் நின்றபோதுதான் யோசனை வந்தது. ஒரு வள்ளத்தின் நண்டை நிறுத்ததும் பிறிண்டர் ஒரு துண்டு அடிக்கும். கூடை நனைந்திருந்தது, ஐஸ் கிடந்தது என்று வள்ளக்காரர் முரண்டு பிடித்தால் மறுபடி நிறுத்துப் புதுத் துண்டு. அப்போது பெரிய இலக்கம் உள்ள துண்டுதான் செல்லும். சின்ன இலக்கத்தை நசீறா அக்கா அந்த இடத்திலேயே கிழிப்பார். இங்கே ஒருவருக்கும் அதில் சந்தேகம் வருவதில்லை. பெரியது பின்னால் வந்தது, பின்னால் வந்தது முந்தியதை மூடும்.

மிச்சம் இருந்த பதினான்கையும் அப்படியே பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் அதைவிடப் பெரிய இலக்கத்தில் எங்கள் கணினியில் இருப்பது எது என்று பிடித்துக் கோடு இழுத்தேன். ஒரு மணித்தியாலத்தில் பதினான்கும் முடிந்தது. இத்தனை நாள் ஏன் நாலு நாலு நிமிடமாகக் காத்திருந்தேன் என்று என்னையே ஏசினேன்.

பெப்ரவரி 9, வெள்ளி

சேர் மன்னார் நகரத்துக்குப் போய் அங்கிருந்து அனுப்பினார். நாற்பத்தெட்டு "இல்லை", நாற்பத்தெட்டு காரணம். ஒரு கட்டமும் வெறுமையாக இல்லை.

பெப்ரவரி 14, புதன்

சாம்பல் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில். ஜெனோஜன் நெற்றியில் சாம்பலோடு, கையில் கணவாய்ப் பையோடு வந்தார். பரிசாம். தவக்காலம் தொடங்குகிற நாளில் இவ்வளவு கணவாயைக் கறி வைத்தால் யாருக்குக் குற்றம் என்று கேட்டேன். சாப்பிடுகிற ஆளுக்கு என்றார். இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

பட்டியல் வந்து சேர்ந்ததாகப் பரிசோதகர் எழுதியிருக்கிறார். பெயர் டில்ஹானி. பார்த்துவிட்டு நேரில் வருவாராம். சேர் என்னைக் காணும்போதெல்லாம் தலையாட்டிச் சிரிக்கிறார். கொழும்புக் கம்பனியைப் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்குப் பின்னால் சமையலறையை நீட்டலாமா என்று ஜெனோஜன் காலடியால் அளந்துகொண்டிருக்கிறார். வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 20, செவ்வாய்

ஏன் பார்த்தேன்.

இன்ரநெற் திரும்பி வந்து ஒரு கிழமைக்கு மேல். கையில் வேலை இல்லை. அந்தப் பதினான்கையும் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று இருந்தது. பெருமைதான், வேறு என்ன. எல்லாம் சரி என்று பார்த்து மகிழத்தான்.

பதினொன்று சரி. மூன்று பிழை.

இந்த இலக்கங்கள் எங்கள் நிறுவைத் துண்டு மாதிரி ஒரே மேசையில் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தவை இல்லை. இயங்குதளம், பிறிண்டர் என்று பல சாமான்களுக்கும் பலர் ஒரே வரிசையிலிருந்து இலக்கம் எடுக்கிறார்கள். பெரிய இலக்கம் வேறொரு சாமானுக்கு உரியதாக இருக்கலாம். அப்படியானால் அது சின்னதை மூடவில்லை. அதற்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. நசீறா அக்காவுக்கு நானே பலகையைக் காட்டி விளங்கப்படுத்திய விஷயம். அறிவு கெட்டவள். என்ன செய்து வச்சிருக்கிறன் நான்?

மூன்றில் இரண்டை வேறு அப்டேற்றுகள் மூடியிருக்கின்றன. காரணம் பிழை, முடிவு சரி. மூன்றாவது 417 என்று முடிகிறது. பிறிண்டர் சம்பந்தப்பட்டது. அதை எதுவும் மாற்றவில்லை. அது எங்கள் ஒரு கணினியிலும் இல்லை.

நான் "மாற்றப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பெப்ரவரி 21, புதன்

ஒருவருக்கும் தெரியாது. இன்றைக்கே பேசாமல் 417ஐப் போட்டுவிட்டால்? பரிசோதகர் வரும்போது கணினியில் இருக்கும். ஆனால் போட்ட திகதியும் சேர்ந்தே இருக்கும். அனுப்பிய பட்டியலுக்குப் பிந்திய திகதி. நாற்பத்தெட்டில் ஒன்றைத் தற்செயலாகத் தொட்டுப் பார்த்தாலும் தெரியும். தொடாவிட்டால் தெரியாது. நாற்பத்தெட்டில் ஒன்று.

காலை முழுக்க இந்தக் கணக்கே போட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

சொன்னால் என்ன நடக்கும்? "பார்த்தீங்களா, அங்கே இருக்கிற பெண்ணுக்குத் தெரியவில்லை" என்று கொழும்புக் கம்பனிக்கு ஒரு வரி கிடைக்கும். அந்த ஒரு வரி போதும்.

பின்னேரம் ஜெனோஜனிடம் சொன்னேன். எஞ்சின் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியைக் கீழே வைத்தார்.

"இப்ப அவை அந்தத் தாளை நம்பி இருக்கினம், என்ன?"

"ஓம்."

"அப்ப அது ஓட்டை வள்ளம். தெரிஞ்சுகொண்டு ஆளை ஏத்துவியோ?"

"வேலை போனால் நான் பஸ் ஏற வேணும். அது உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது." துணியை எடுத்து மடித்தார். "பஸ் ஏறினால் நான் சனிக்கிழமை வாறன். முந்தி நீதானே வந்தனீ. இனி நான் வாறன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் கையில் எண்ணெய், துடைக்கவும் ஏலாமல் நின்றார்.

பெப்ரவரி 22, வியாழன்

முதலில் சேரிடம் சொன்னேன். அவருடைய முகம் இப்படி மாறி நான் பார்த்ததில்லை.

"மதுஷிகா, ஒருத்தரும் கேக்கேல்லை. நீங்கள் ஏன் போய்ப் பார்த்தனீங்கள்?"

"தெரியேல்லை சேர். பார்த்துட்டன்."

"நான் வெள்ளிக்கிழமை எண்டு அவசரப்படுத்தினது உண்மை." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எழுதுங்கோ. ஆனா உங்கட பேரில எழுதுங்கோ. என்னால இப்ப இதுக்குள்ள வர ஏலாது."

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவருக்கும் வேலை வேண்டும், மூன்று பிள்ளை.

எழுதினேன். எந்த மூன்று வழி பிழை, ஏன் பிழைத்தது, 417 எங்கள் கணினிகளில் இல்லை, சனிக்கிழமை போடப் போகிறோம். மன்னிப்பு என்று நீட்டி எழுதி, பிறகு ஒரே வரியாகக் குறைத்தேன். அனுப்பு என்பதை அழுத்த விரல் நாலு முறை போய்த் திரும்பியது. பத்து நாற்பத்தைந்துக்குப் போய்விட்டது.

பெப்ரவரி 24, சனி

417 பிறிண்டரோடு சம்பந்தப்பட்டது என்பதால் எனக்கு முன் இருந்தவர் வேண்டுமென்றே போடாமல் விட்டிருக்கலாம். துண்டு அடிக்கும் பிறிண்டர் நின்றால் நிறுவை நிற்கும், நிறுவை நின்றால் வள்ளங்கள் வேறு இடத்துக்குப் போகும். அதனால் நண்டு வராத பின்னேரத்தில், நிறுவை மேசைக் கணினியில் மட்டும் முதலில் போட்டேன்.

பிறிண்டர் வெள்ளைத் துண்டாக அடித்தது. ஒன்று, இரண்டு, ஆறு. எல்லாம் வெறுமை. நசீறா அக்கா துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், எழுத்து ஒளிந்திருக்கிறதோ என்று. பிறிண்டரைக் கணினியிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு, பழைய சீடியிலிருந்து அதன் மென்பொருளைத் திரும்பப் போட்டேன். இருபது நிமிடம்.

துண்டு வந்தது. இலக்கம், திகதி, நிறை, எல்லாம்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அக்கா அதை என் கையில் தந்தார். மிச்சம் எட்டுக்கும் போட்டோம். பெனடிக்ற் அண்ணை கதிரையைப் போட்டுத் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். ஆறரைக்குப் படலையடிக்கு வந்து சொன்னார், ஒன்பதும் படுத்தாச்சு என்று.

பெப்ரவரி 28, புதன்

பதில் இல்லை. கணவாய் மலிந்திருக்கிறது. எனக்குப் பசி இல்லை.

மார்ச் 6, புதன்

வந்தார்.

டில்ஹானி மிஸ் என்னைவிட இளையவர். தெற்கே காலிப் பக்கம் ஊராம். கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சிங்களம், தெரிந்த நாலு தமிழ்ச் சொல் என்று கலந்து பேசினார். தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு, ஒன்பது கணினியையும் தானே திறந்து பார்த்தார். என்னோடு ஒரு மணித்தியாலம் பேசவே இல்லை. சேர் வாசலில் நின்று தன் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சுவரோரம் சாய்ந்திருந்த மூடிகளைப் பார்த்தார். குந்தியிருந்து ஒவ்வொன்றாக வாசித்தார். பதின்மூன்றாவது மூடியில் நான் ஒரு கோடு போட்டு வெட்டிய வழிகள் இருந்தன, பக்கத்தில் சிவப்பில் சரியானவை.

பிழையை ஏன் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அழித்தால் நான் என்ன நினைத்துப் பிழைத்தேன் என்பது மறந்துபோகும், அடுத்த முறையும் அப்படியே பிழைப்பேன் என்றேன். அது திட்டமிட்ட பதில் இல்லை. உண்மையில் அழிக்க மறந்துதான் போனேன்; ஆனால் சொல்லும்போது அதுவும் உண்மையாகவே பட்டது.

பிறகு நிறுவைத் துண்டுக் கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். தான் பார்க்கும் வேறு மூன்று இடத்தில் "இல்லை" என்ற இடமெல்லாம் "உண்டு" என்று நிரப்பி அனுப்பியிருக்கிறார்களாம். ஓர் இடத்தில் கணினியைத் திறந்தால் இரண்டு வருடமாக ஒரு அப்டேற்றும் இல்லையாம். அந்த இடங்களின் கணினிகளைப் பார்ப்பது எந்தக் கம்பனி என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. முனவ்வர் சேர் நகத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

போகும்போது மூடிகளைப் படம் பிடித்துக்கொண்டு போனார், பதினாறையும்.

மார்ச் 11, திங்கள்

தேறிவிட்டோம். கடிதத்தில் ஒரு குறிப்பு: 417 பிந்திப் போடப்பட்டது, நிலையமே முன்வந்து அறிவித்தது.

சேர் என்னைக் கூப்பிட்டு, கொழும்புக் கம்பனிக்கு வேண்டாம் என்று பெரியவர்கள் எழுதிவிட்டதாகச் சொன்னார். இலுப்பைக்கடவையில் நாங்கள் நண்டு சேர்க்கும் இடத்தில் உள்ள இரண்டு கணினியையும் இனி நான்தான் பார்க்க வேண்டுமாம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்பலாம். பிறகு கொஞ்சம் தயங்கி, "அண்டைக்கு உங்கட பேரில எழுதுங்கோ எண்டு சொன்னது என்ர மனசில கிடக்கு" என்றார். பரவாயில்லை சேர் என்றேன். கொஞ்சம் கிடக்கட்டும் என்றுதான் உள்ளே நினைத்தேன்.

மார்ச் 14, வியாழன்

நோன்பு தொடங்கிவிட்டது. நசீறா அக்கா மத்தியானத்தில் என் முன்னால் வந்து உட்காருவதில்லை. சாப்பாட்டு மணம் கூடாதாம். தனியே சாப்பிடப் பழக வேண்டும்.

நேற்று இந்த மாதத்து அப்டேற் வந்தது. ஒவ்வொரு மூடியிலும் கடைசியில் இருந்த இலக்கத்தை அது மூடிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினி மேசையில் மூடிகளை அடுக்கி, ஒவ்வொரு வழியிலும் ஒரு படி கூட்டி எழுதிக்கொண்டிருந்தேன். ஜெனோஜன் தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தார்.

"அதுதான் பாஸ் பண்ணியாச்சே. பிறகும் என்ன?"

"புதுசு வந்திருக்கு. பழைய கணக்கு இனிச் செல்லாது."

"அப்ப அடுத்த மாசம்?"

"அடுத்த மாசமும் வரும்."

"அதுக்கு அடுத்த மாசம்?"

"வரும். இது முடியிற வேலையில்லை."

அவர் என் தேத்தண்ணியை மேசையில் இடம் பார்த்து வைத்தார். தன்னுடையதை ஒரு மிடறு குடித்தார்.

"முடியாட்டில் நல்லதுதானே, மது" என்றார்.

நான் அடுத்த மூடியை எடுத்தேன்.